எடையைக் குறைத்தால் தொல்லை கூடும்

இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையைத் திறந்து மூடும் வசதியுடைய ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே மிக அதிகமாக விற்பனையான வண்டி, ஜப்பானின் ஹிரோஷிமாவில் தயாராகும் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆகும். 1989 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இவ்வண்டி, அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரிலும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரிலும் அதே ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டில் கின்னஸ் அமைப்பு அதன் விற்பனைச் சாதனையைப் பதிவுசெய்தது. 2016 ஏப்ரல் 22 அன்று பத்து லட்சமாவது வண்டி ஆலையிலிருந்து வெளிவந்தது. இந்தியாவில் இந்தக் கார் முறைப்படி விற்பனைக்கு வந்ததில்லை என்பதால், தமிழ்நாட்டில் மாஸ்டா என்ற பெயர் வேன்களிலும் சிறு லாரிகளிலும் பொறித்திருந்த ‘சுவராஜ் மாஸ்டா’ வழியாகவே பலருக்கும் பரிச்சயம்.

எம்எக்ஸ்-5 வண்டியைப் புகழ்ந்து எழுதப்பட்டவை ஏராளம். வளைவுகளில் அது திரும்பும் விதம், கியர் விழும் துல்லியம், வேகம் குறைவாக இருக்கும்போதும் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி ஆகியவை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பப் பேசப்பட்டுவருகின்றன. ஆனால் அதை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தி, அன்றாடம் அலுவலகத்துக்கும் கடைக்கும் எடுத்துச்செல்பவர் சந்திக்கும் சிறுசிறு தொல்லைகளைப் பற்றி ஒழுங்காக ஆராய்ந்தவர்கள் குறைவு. அந்தத் தொல்லைகள் தற்செயலானவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவை காரின் எடையைக் குறைப்பதற்காக வடிவமைப்பாளர்கள் தெரிந்தே எடுத்த முடிவுகளின் மறுபக்கம். எஞ்சிய சில, எடையோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெறும் கவனக்குறைவு. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ‘ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான்’ என்று சகித்துக்கொள்வதும் தவறு. எல்லாவற்றையும் குறை என்று ஒதுக்குவதும் தவறு.

இதைப் புரிந்துகொள்ள, இந்தக் காருக்கு முன்னோடிகளான பிரிட்டிஷ் வண்டிகளின் கதையைச் சற்றே பார்க்க வேண்டும். 1960களிலும் 70களிலும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது பெரும்பாலும் எம்ஜி, டிரையம்ஃப், லோட்டஸ் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களின் தயாரிப்பாக இருந்தது. அவை ஓட்டுவதற்கு இனியவை. வைத்துக்கொள்வதற்கு மிகக் கடினமானவை. நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டுவதும், மழை நாளில் ஸ்டார்ட் ஆக மறுப்பதும், இரவுப் பயணத்தின் நடுவே விளக்குகள் அணைந்துபோவதும் அவற்றின் உரிமையாளர்களுக்குப் பழகிப்போன அவதிகள். 1980-இல் எம்ஜிபி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஆகிய இரண்டின் உற்பத்தியும் நின்றபோது அந்த வகையே ஏறத்தாழ அழிந்துவிட்டது. அதற்கு முன்பே, பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகையாளர், மாஸ்டாவின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவராக இருந்த கெனிச்சி யமமோட்டோவிடம், அத்தகைய எளிய, திறந்த கூரை கொண்ட காரை மாஸ்டா தயாரிக்க வேண்டும் என்று எடுத்துச்சொல்லியிருந்தார். பின்னர் யமமோட்டோ நிறுவனத்தின் தலைவரானார். ஹாலும் மாஸ்டாவின் கலிஃபோர்னியப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் கார் உருவாயிற்று.

ஹிராயின் குழு பிரிட்டிஷ் கார்களின் அழகை எடுத்துக்கொண்டு அவற்றின் பெரிய அவதிகளை விலக்கியது. மாஸ்டாவின் ஃபமிலியா என்ற குடும்பக் காரில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருந்த 1,597 சிசி இன்ஜினைச் செம்மைப்படுத்தி இதில் பொருத்தினார்கள். காலையில் ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலை இல்லாத ஸ்போர்ட்ஸ் காரை நடுத்தர வருமானக்காரர்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள். பெரிய அவதிகள் நீங்கிய பிறகே சிறிய தொல்லைகள் கண்ணில் படத் தொடங்கின என்பதையும், இவை பேசப்படுவதே அந்தக் காருக்கு ஒருவகையில் பெருமை என்பதையும் மறக்கலாகாது.

முதல் தலைமுறைக் காரின் எடை ஏறத்தாழ 940 கிலோ. பானட் மூடி அலுமினியத்தால் ஆனது. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைத்துப் பிடித்திருந்தது; ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் தாமதமின்றிச் சக்கரம் எதிர்வினை காட்டுவதற்கு அந்தச் சட்டமே காரணம். முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் காரின் எடையைச் சரிபாதியாகத் தாங்க வேண்டும் என்பதற்காகப் பேட்டரியை இன்ஜின் பக்கத்திலிருந்து எடுத்து டிக்கிக்குள் வைத்தார்கள். இந்தப் பேட்டரி இடமாற்றமே முதல் சிறு தொல்லைக்கு எடுத்துக்காட்டு. மூடிய டிக்கிக்குள் அமில ஆவி தேங்கக் கூடாது என்பதால், ஆவியைக் குழாய் வழியே வெளியேற்றும் சிறிய, மூடிய வகைப் பேட்டரி ஒன்று இதற்கென்றே பொருத்தப்பட்டது. அது பழுதானால் பக்கத்துக் கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியை வாங்கி வைத்துவிட முடியாது. வைத்தால், ஆவி டிக்கியின் தகட்டை மெல்ல மெல்ல அரித்துவிடும். சரியான பேட்டரியைத் தேடி, கூடுதல் விலை கொடுத்து, சில நாள் காத்திருந்து வாங்க வேண்டும். இந்தத் தொல்லை நியாயமானது. வளைவில் கார் காட்டும் சமநிலைக்காக உரிமையாளர் தரும் விலை அது.

கூரையும் மழைநீரும்

திறந்த கூரைக் காரின் தொல்லைகளில் பாதிக்கு மேற்பட்டவை கூரையிலிருந்தே தொடங்குகின்றன. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரின் கூரை, ரெக்சின் போன்ற வினைல் துணியால் ஆனது. அதன் பின்புற ஜன்னல் கண்ணாடி அல்ல, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். கண்ணாடியைவிடப் பிளாஸ்டிக் இலேசானது, மலிவானது, கூரையோடு சேர்ந்து மடியக்கூடியது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் கூரையை மடிப்பதற்கு முன்னால் அந்த ஜன்னலைச் சுற்றியுள்ள ஜிப்பைத் திறந்து, தாளைத் தட்டையாகப் படுக்கவைத்து, அதன் பிறகே கூரையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். சிக்னலில் நிற்கும் நேரத்தில் அவசரமாகக் கூரையை மடிக்கும் உரிமையாளர் இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டால், தாளில் விழும் மடிப்புக்கோடு அதன் பிறகு மறைவதே இல்லை. குளிர்நாடுகளில் உறைபனிக் காலத்தில் அந்தத் தாள் விறைத்து, மடிக்கும்போது விரிசல் விட்டுவிடும். ஒழுங்காகப் பராமரித்தாலும் சில ஆண்டு வெயிலில் அது மஞ்சள் பாய்ந்து மங்கி, பின்னால் வரும் வண்டியின் விளக்குகளைத் தெளிவற்ற ஒளித்திட்டுகளாக மாற்றிவிடும். 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் மாஸ்டா இந்தத் தாளை நீக்கி, பனியை உருக்கும் சூட்டுக்கம்பிகள் கொண்ட உண்மையான கண்ணாடியைப் பொருத்தியது. கண்ணாடி கனமானதுதான். ஆனால் பின்னால் என்ன வருகிறது என்று தெரிய வேண்டியது பாதுகாப்பு சார்ந்த தேவை, அதில் கிராம் கணக்குப் பார்ப்பது சரியல்ல.

கூரையில் விழும் மழைநீர் எங்கே போகிறது என்பது இன்னும் முக்கியமான கேள்வி. கூரைத்துணி காரின் உடலோடு சேரும் பின்விளிம்பில், இருக்கைகளுக்குப் பின்னால், உள்பக்கமாக ஒரு பிளாஸ்டிக் ஓடை அமைந்திருக்கிறது. துணியின் வழியே வழியும் நீர் இந்த ஓடையில் சேர்ந்து, இரு மூலைகளிலும் உள்ள துளைகளில் இறங்கி, காரின் பக்கவாட்டுச் சுவர்களுக்குள் செல்லும் குழாய்கள் வழியே, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரையில் வடிகிறது. மரத்தடியில் நிறுத்தப்படும் காரில், மடித்த கூரைக்குள் விழும் இலைச்சருகும் பூந்தூளும் சாலைத் தூசியும் இந்தத் துளைகளில் சேர்ந்து, ஈரத்தில் குழைந்து, களிமண் போன்ற அடைப்பாகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. முதல் அறிகுறியாக, இருக்கைக்குப் பின்னாலுள்ள கார்ப்பெட்டில் ஈரமும் முடை நாற்றமும் எழும். காலையில் கண்ணாடிகளின் உட்புறத்தில் பனி படியும். உரிமையாளர் கூரைத்துணி ஒழுகுகிறது என்று எண்ணி, புதிய கூரைக்கு விலை விசாரிக்கத் தொடங்குவார். உண்மையில் துணிக்கு எந்தக் கேடும் நேர்ந்திருக்காது. வடிகாலில் ஒரு கைப்பிடிச் சருகு சிக்கியிருக்கும், அவ்வளவுதான்.

இந்த அடைப்பைக் கவனிக்காமல் விட்டால் தொல்லை சிறியதாக நின்றுவிடுவதில்லை. வழியின்றித் தேங்கும் நீர், கதவுக்குக் கீழே காரின் நீளவாக்கில் ஓடும், ‘சில்’ எனப்படும் பெட்டி வடிவ உலோகப் பகுதிக்குள் கசிகிறது. கூரை திறந்த காரில் உடலின் உறுதியைத் தாங்குவது பெருமளவுக்கு இந்தப் பகுதிதான். அது உள்ளிருந்து துருப்பிடிப்பதால், வெளிப்பூச்சில் கொப்புளம் கிளம்பும்போது உள்தகடு பெரும்பாலும் அழிந்திருக்கும். மழையும், சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பும் மிகுந்த பிரிட்டனில், பழைய எம்எக்ஸ்-5 கார்கள் ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயத் தகுதிச் சோதனையில் தோற்பதற்கு, பின்சக்கரத்தை ஒட்டிய சில் பகுதியின் துரு ஒரு முக்கியக் காரணமாக இருந்துவருகிறது. வளையும் நெகிழ்வான கம்பி ஒன்றை ஆண்டுக்கு ஓரிரு முறை துளைக்குள் விட்டு எடுத்தால் தீர்ந்துபோகும் காரியம், செய்யாமல் விட்டதால் வெல்டிங் பட்டறையில் முடிகிறது. வடிகாலின் வாயை விரலால் எட்டித் துடைக்கும்படி, ஒரு மூடியைத் திறந்தால் தெரியும்படி அமைத்திருந்தால் காரின் எடை கூடியிருக்காது. இது கவனக்குறைவு என்ற வகையைச் சேர்ந்தது. இதை மன்னிக்கக் காரணமில்லை.

துணிக்கூரைக்கு இன்னொரு எதிரி, கத்தி. காருக்குள் கிடக்கும் ஒரு கைப்பைக்காகவோ சில நாணயங்களுக்காகவோ திருடர்கள் கூரையைக் கிழித்துவிடுகிறார்கள். திருடுபோன பொருளைவிடக் கூரையை மாற்றும் செலவு பல மடங்கு என்பதால், அமெரிக்க நகரங்களில் வாழும் பல உரிமையாளர்கள் காருக்குள் எதையுமே வைக்காமல், கதவைப் பூட்டாமலேயே நிறுத்திவிட்டுப் போகும் வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள். திறந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகட்டும், துணியைக் கிழிக்காமல் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

உள்ளே உட்கார்ந்தால்

காரின் உயரம் ஏறத்தாழ 1.23 மீட்டர் மட்டுமே. ஓட்டுநரின் இருக்கை சாலைக்கு மிக அருகில் இருப்பதால், உள்ளே நுழைவது உட்காருவதாக இல்லாமல் இறங்குவதாக அமைகிறது. முழங்கால் வலி உள்ளவர்களும் முதியவர்களும் வெளியே வருவதற்குக் கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தம்மை உயர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கார் நிறுத்தங்களில் பக்கத்து வண்டி நெருங்கி நின்றுவிட்டால், கதவைக் கால்வாசி மட்டுமே திறந்து அந்த இடுக்கில் எழுந்து நிற்பது நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கே சிரமம். நெடுஞ்சாலையில் லாரியின் சக்கரங்கள் கண்மட்டம்வரை உயர்ந்து ஓடுகின்றன. இரவில் பின்தொடரும் எஸ்யூவி வண்டிகளின் விளக்குகள் நேராகக் கண்ணாடிகளில் விழுகின்றன. கூரையை மூடிவிட்டால், பின்பக்கவாட்டில் உள்ள அகன்ற துணிப்பகுதி பக்கத்துத் தடத்தில் வரும் வண்டியை மறைத்துவிடுகிறது.

உயரமானவர்களுக்குத் தொல்லை இரட்டிப்பாகிறது. முதல் இரண்டு தலைமுறைகளிலும் ஸ்டீயரிங்கை மேலும் கீழும் நகர்த்தவோ, முன்னும் பின்னும் இழுக்கவோ வழியே இல்லை. ஆறடிக்கு மேல் உயரமுள்ளவரின் முழங்கால் ஸ்டீயரிங்கை இடிக்கும். கண்ணோ முன்கண்ணாடியின் மேல்சட்டத்துக்கு நேராக நிற்கும். இதற்கு உரிமையாளர்கள் கண்டுபிடித்த வழி, இருக்கையின் உறையைக் கழற்றி உள்ளே இருக்கும் ஃபோமைக் கத்தியால் செதுக்கி எடுத்து, உட்காரும் இடத்தைத் தாழ்த்திக்கொள்வது. இருக்கையின் அடித்தட்டில் ஃபோம் எங்கெங்கே தடிமனாக இருக்கிறது, எவ்வளவு எடுத்தால் அடிக்கம்பி குத்தாது என்பதெல்லாம் அவர்களுக்குள் பரிமாறப்படும் நுட்பமான அறிவாக வளர்ந்துவிட்டது. 2005-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் ஸ்டீயரிங்கை ஏற்றி இறக்க முடிந்தது. முன்னும் பின்னும் இழுத்து அமைக்கும் வசதி 2018-ஆம் ஆண்டு மேம்பாட்டில்தான் வந்தது. ஒரு காரை ஓட்டுவதன் இன்பத்தையே முதன்மைக் குறிக்கோளாக அறிவித்த நிறுவனம், ஓட்டுபவரின் கை ஸ்டீயரிங்குக்கு இயல்பாக எட்டும்படி செய்வதற்கு 29 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இந்த வசதியின் எடை மிகச் சொற்பமே என்பதைப் பார்க்கும்போது, இந்த நீண்ட தாமதத்துக்குப் போதிய காரணம் ஏதும் தென்படவில்லை.

இதற்கு நேர்மாறானது கியர் கம்பியின் கதை. பெரும்பாலான கார்களில் கியர் கம்பிக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே கேபிள்களோ இணைப்புக் கம்பிகளோ இருக்கும். எம்எக்ஸ்-5 காரில் கம்பியின் அடிமுனை நேராகக் கியர்பாக்ஸின் மேல்பகுதிக்குள் இறங்கி, அங்கே தனக்கென உள்ள சிறிய ஆயில் கிண்ணம் ஒன்றில் முழுகி நிற்கிறது. மணிக்கட்டின் ஒரு சிறு அசைவில் கியர் விழுவதும், உள்ளே பல்சக்கரங்கள் பொருந்துவதை உள்ளங்கையில் உணர முடிவதும் இந்த நேரடி அமைப்பால்தான். உலகின் மிகச் சிறந்த கியர் மாற்றங்களில் ஒன்று என்று அது பெயர்பெற்றதும் அதனால்தான். ஆனால் கியர்பாக்ஸுக்கு மேலே ஒரு திறப்பு இருக்கிறது என்றால், அதன் சூடும் சத்தமும் ஏறி வரும் வழியும் அதுவே. அவற்றைத் தடுக்க ஒன்றன்மேல் ஒன்றாக ரப்பர் உறைகள் பொருத்தப்பட்டுள்ளன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ரப்பர் வெடித்துக் கிழிகிறது. அப்போது ஓட்டுநரின் தொடையருகே வெப்பக்காற்று வீசத் தொடங்கும், கியர்பாக்ஸின் இரைச்சல் கேபினுக்குள் கேட்கும், கிண்ணத்து ஆயிலும் வற்றிக் கம்பி தடதடக்கும். ரப்பர் உறைகளின் விலை மிகக் குறைவு. சில திருகுகளைக் கழற்றி, புதிய உறையை மாட்டி, சிறிதளவு ஆயில் ஊற்றிவிட்டால் கார் புதிதாய் வாங்கிய நாளின் உணர்வுக்குத் திரும்பிவிடுகிறது. நன்மையும் தொல்லையும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கும் இடத்தில் தொல்லையைக் குறை என்று சொல்வது நியாயமாகாது.

அதே கியர்பாக்ஸ், குளிர்ந்த காலையில் இரண்டாவது கியரை ஏற்க மறுப்பதும் பரவலாக அறியப்பட்ட ஒன்று. இரு பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சேர்க்கும் வளையத்தைச் சின்க்ரோனைசர் என்பார்கள். குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது அதன் வேலை மந்தமாகி, கியர் ‘கரக்’ என்று உரசுகிறது. கார் சூடேறும் வரை முதல் சில கிலோமீட்டர்களுக்கு மெதுவாக மாற்றிப் பழகிக்கொள்வதே உரிமையாளர்கள் கடைப்பிடிக்கும் வழி. நெடுஞ்சாலையில் வேறு ஒரு சங்கடம் உண்டு: ஐந்து கியர் கொண்ட தொடக்ககாலக் காரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,200 முறை சுழல்கிறது, அதன் ஓசையும் துணிக்கூரையை உலுக்கும் காற்றின் ஓசையும் சேர்ந்து, பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச இயலாதபடி செய்துவிடுகின்றன.

பட்டறையில்

இந்தக் காரைத் தம் கையாலேயே பராமரிப்பவர்கள் மிகுதி. பாகங்கள் மலிவு, இன்ஜின் எளிமையானது, டைமிங் பெல்ட் அறுந்தாலும் 1.6 லிட்டர் இன்ஜினில் வால்வுகளும் பிஸ்டனும் மோதிச் சேதமடைவதில்லை. இவ்வளவு நல்லவற்றுக்கு நடுவே ஆயில் ஃபில்டர் மட்டும் வைக்கப்பட்டிருக்கும் இடம் வியப்புக்குரியது. இன்ஜினுக்குள் காற்றைப் பகிர்ந்தனுப்பும் உலோகக் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டின் அடியில், காரின் வலப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் அது ஒளிந்திருக்கிறது. மேலிருந்து கைவிட்டால் குழாய்கள் தடுக்கும். கீழிருந்து எட்டினால் தோள் வரை கையை நுழைக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் ஆயில் நன்றாக வடியும் என்பதால் முழங்கையில் சூடுபடுவதும் வழக்கம். ஒருவழியாகப் பிடித்துத் திருகினால், ஃபில்டரில் எஞ்சிய ஆயில் விரல்களின் வழியே வழிந்து, கீழிருக்கும் சட்டத்தில் பரவி, அடுத்த பல நாட்களுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். ஆயில் மாற்றுவது அடிக்கடி செய்ய வேண்டிய வேலை. அடிக்கடி எட்ட வேண்டிய பொருளை எட்டாத இடத்தில் வைத்தது, எடையோடு சம்பந்தமில்லாத பிழை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். முதல் தலைமுறை இன்ஜினில் வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தமே தானாகச் சரிசெய்யும் அமைப்பு இருந்தது. அதன் நுண்ணிய துளைகளில் ஆயில் கசடு சேர்ந்தால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மெக்கானிக்குகள் ‘டேப்பட் சத்தம்’ என்று சொல்லும் டிக்டிக் ஒலி எழும். பெரும்பாலும் இது செவிக்குத்தான் தொல்லை, இன்ஜினுக்கு அல்ல. கிளட்ச்சை இயக்கும் சிறிய சிலிண்டர் ஒன்று கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் ரப்பர் வளையம் தேய்ந்து திரவம் கசியும், ஒரு நாள் கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே தங்கிவிடும். ஜன்னல் கண்ணாடியை ஏற்றும் கேபிளின் பிளாஸ்டிக் துண்டுகள் நொறுங்குவதால் கண்ணாடி தயங்கித் தயங்கி ஏறும். மேலெழும்பித் திறக்கும் ஹெட்லைட்டின் மோட்டார் நின்றுவிட்டால், பானட்டைத் திறந்து ஒரு குமிழைக் கையால் சுழற்றி விளக்கை உயர்த்திக்கொள்ளலாம். அந்த மாற்றுவழியை முன்கூட்டியே யோசித்து வைத்த பொறியாளர்களைப் பாராட்ட வேண்டும்.

எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை

2015-இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறையை நொபுஹிரோ யமமோட்டோ தலைமையிலான குழு உருவாக்கியது. தலைமுறைக்குத் தலைமுறை பருத்துவந்த காரை அவர்கள் மீண்டும் இளைக்கவைத்தார்கள். மூன்றாம் தலைமுறையில், பின்னால் வருவதைக் காட்டும் உள்கண்ணாடியின் எடையில் 84 கிராமைக் குறைத்ததைக்கூடப் பெருமையுடன் சொன்ன நிறுவனம் அது. ஆயினும் அந்தக் கார் 1,090 கிலோவை எட்டியிருந்தது. நான்காம் தலைமுறையில், அறிமுகத்தின்போது ஜப்பானில் விற்ற 1.5 லிட்டர் அடிப்படை வகையின் எடை 990 கிலோ. பானட், டிக்கி மூடி, முன்பக்க மட்கார்டுகள் அலுமினியத்தால் ஆனவை. கூரையை மோட்டார் இல்லாமல், ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு கையால் கொக்கியை விடுவித்துப் பின்னுக்குத் தள்ளிவிட முடியும். எடையைக் கூட்டாமல் தொல்லையைக் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தக் காரின் வரலாற்றில் இல்லை.

ஆனால் அதே கார் புதிய சிறு தொல்லைகளையும் கொண்டுவந்தது. டேஷ்போர்டில் பயணியின் முன்னால் இருக்க வேண்டிய பெட்டி இல்லை. வண்டியின் ஆவணங்களை இரு இருக்கைகளுக்கும் இடையில், முதுகுக்குப் பின்னால் உள்ள ஓர் அறையில் வைத்து, உடலைத் திருப்பித் துழாவி எடுக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கான வளையங்கள் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் துண்டுகள்; முன்னால் மாட்டினால் பயணியின் முழங்காலை இடிக்கும், பின்னால் மாட்டினால் ஓட்டுநரின் முழங்கையைத் தடுக்கும். டிக்கியின் கொள்ளளவு 130 லிட்டர். இந்தியாவில் 2018-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் காரின் டிக்கியே 268 லிட்டர் என்பதை ஒப்பிட்டால், வார இறுதிப் பயணத்துக்கு இருவரும் மென்மையான துணிப்பை ஆளுக்கொன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருப்பது விளங்கும். இவை எல்லாவற்றையும் இருவர் மட்டும் செல்லும் காரில் ஏற்றுக்கொள்ளலாம்.

ஏற்றுக்கொள்ளக் கடினமானது ஸ்டெப்னி இல்லாததுதான். முதல் தலைமுறையின் சிறிய டிக்கிக்குள்ளேயே பேட்டரியோடு மெலிந்த மாற்றுச் சக்கரம் ஒன்றையும் பொருத்தியிருந்தார்கள். பிற்காலக் கார்களில் அதை நீக்கிவிட்டு, பஞ்சரான டயருக்குள் செலுத்தும் பசைத்திரவக் குப்பி ஒன்றையும் சிறிய காற்றடைக்கும் கருவி ஒன்றையும் தருகிறார்கள். ஆணி குத்திய சிறு துளைக்கு அது உதவும். டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் அந்தக் குப்பியால் எந்தப் பயனும் இல்லை; ஊருக்கு வெளியே, இரவில், இழுவை வண்டிக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. எடைக் குறைப்பு ஒரு நல்ல கொள்கைதான். ஆனால் சேமித்த எடையின் முழுச் சுமையையும் நடுச்சாலையில் நிற்கும் உரிமையாளரின் தலையில் ஏற்றும்போது அந்தக் கொள்கை தன் எல்லையைக் கடந்துவிடுகிறது.

இயந்திரத்தோடு தொடர்பில்லாத தொல்லை ஒன்றும் உண்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதைச் சிகையலங்காரக் கலைஞர்களின் கார் என்றும், பெண்களுக்கான கார் என்றும் சிறுமைப்படுத்திப் பேசும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. காரை மட்டுமன்றி அந்தத் தொழிலையும் பெண்களையும் சேர்த்து இழிவுபடுத்தும் பேச்சு அது. அமெரிக்காவில் இந்தக் காருக்கென்றே ‘ஸ்பெக் மியாட்டா’ என்ற தனிப் பந்தயப் பிரிவு நடந்துவருவதும், வார இறுதிகளில் அங்குள்ள பந்தயத் தடங்களில் இக்கார் பெருமளவில் ஓடுவதும் அந்தப் பேச்சுக்குப் போதுமான மறுமொழி.

பழைய கார்களின் உரிமையாளர்களை நிறுவனம் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டம் ஒன்றை மாஸ்டா 2017-இல் ஜப்பானில் அறிவித்தது. உற்பத்தி நின்றுபோயிருந்த கூரைத்துணி, மரத்தாலான ஸ்டீயரிங் உள்ளிட்ட பாகங்கள் மீண்டும் தயாரிக்கப்பட்டன. 14 அங்குலச் சக்கரங்களுக்கு நல்ல டயர் கிடைக்காமல் உரிமையாளர்கள் தவித்துவந்த நிலையில், பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் அக்காலத்து வடிவத்திலேயே டயரை மறுபடியும் செய்து தந்தது. முப்பது ஆண்டுப் பழைய, மலிவான காருக்கு அதன் தயாரிப்பாளரே இவ்வளவு செய்வது அரிது.

பழைய எம்எக்ஸ்-5 ஒன்றை வெளிநாட்டில் வாங்க நினைக்கும் தமிழர்கள், இன்ஜினின் ஓசையையும் பெயின்ட்டின் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கூரையைப் பாதி திறந்து, இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள ஓடையின் இரு மூலைகளிலும் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னால் தரையைக் கவனியுங்கள். இரு பக்கமும் நீர் தடையின்றி இறங்கினால் மேற்கொண்டு விலை பேசலாம். ஒரு பக்கம் இறங்காவிட்டால், சில் பகுதியை மெக்கானிக் ஒருவர் தட்டிப் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.